ஸாரமதியின் தீர்ப்பு

இரண்டு கட்சியாரும் தோற்காத வழக்கை நாம் எந்தக் கோர்ட்டிலும் கண்டதில்லை. ஒரு சினிமாவில்தான் கண்டோம். 1985-ம் வருஷத்தில் கே. பாலசந்தர் எடுத்த ‘சிந்து பைரவி’யில் கர்வம் மிகுந்த பாகவதர் ஒருவர் நிறைந்த சபையில் தெலுங்குக் கீர்த்தனங்களைப் பாடுகிறார். கேட்போருக்குப் புரியும் தமிழில் பாடலாகாதா என்று ஒரு பெண் எழுந்து கேட்கிறாள். அவளையே பாடும்படி மேடைக்கு அழைக்கிறார்கள்.

1940-களில் தமிழிசை இயக்கம் எழுப்பிய அதே கேள்விதான் இது. தமிழ் இசைச் சங்கம் 1943-ல் தோன்றிற்று. இந்தப் படத்துக்கு இசையமைத்த இளையராஜா பண்ணைப்புரத்தில் பிறந்ததும் அதே வருஷம். இதில் ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. அக்கேள்விக்காகத் தலைவர்கள் மேடைகளில் முழங்கினார்கள். பத்திரிகைகள் பக்கம் பக்கமாக மையைச் செலவிட்டன. இவரோ வாதமே செய்யவில்லை. பாட்டை நேரே சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட்டார்.

‘பாடறியேன்’ என்று தொடங்குகிறது அது. சங்கீதம் அறியாத பாமரப் பெண்ணின் அடக்கமான பேச்சுப் போன்ற மெட்டு. கேட்டுக்கொண்டே இருக்கையில் அம்மெட்டு ஸ்வரங்களாக விரிகிறது. அந்த ஸ்வரங்கள் போய்ச் சேருமிடம் தியாகராஜ ஸ்வாமிகளின் ‘மரி மரி நின்னே’! நாட்டுப்புறத்தாள் எப்போது வித்வாம்ஸினி ஆனாள்? எல்லைக்கல்லைத் தேடினால் அகப்படாது. கண்ணில் நீர் துளிப்பது அந்த இடத்தில்தான்.

அக்கீர்த்தனம் சம்பிரதாயப்படி காம்போதி. அதை ஸாரமதியில் மாற்றியது அபசாரம் என்று ஆட்சேபிக்கலாம். ஆட்சேபணை வலுவுள்ளதே. ஆயினும் காம்போதியிலேயே விட்டிருந்தால் பாட்டும் கீர்த்தனமும் தனித் தனியே நின்றிருக்கும். நடுவே ஒரு சுவர் எழுந்திருக்கும். ஒரே ராகத்தில் வைத்ததால் சுவர் இல்லை. அன்றியும், நடபைரவியில் பிறந்த ஸாரமதி, ஏறும்போது ஏழு ஸ்வரங்களிலும் காலூன்றி, இறங்கும்போது பஞ்சமத்தையும் ரிஷபத்தையும் தாண்டிக் குதிக்கிறது. அந்தத் தாவலில், விம்மலை அடக்குகிறவனின் குரல் இடறுவது போன்ற ஓர் ஏக்கம் இருக்கிறது. உழைத்துக் களைத்தவளின் வாயிலும் பக்தனின் வாயிலும் ஒன்றுபோல் பொருந்தும் ஏக்கம் அது. ராகத்தைத் தேர்ந்தவர் இதை அறிந்தே தேர்ந்தார் என்பது நமது துணிபு.

அவர் அறியாமல் எப்படி இருக்க முடியும்? தமையனார் பாவலர் வரதராஜனின் கோஷ்டியோடு கம்யூனிஸ்டுக் கட்சி மேடைகளில் ஊர் ஊராகப் பாடித் திரிந்தவர். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு சங்கீதம் பயின்றவர். திறந்த வெளியில் மண்தரையில் அமர்ந்து கேட்கிற ஜனங்களின் மனம் எந்த ஸ்வரத்தில் இளகும் என்பதைப் புத்தகத்தில் படித்து அவர் தெரிந்துகொள்ளவில்லை. அப்படத்தின் இசைக்காக அவருக்கும், இந்தப் பாட்டைப் பாடிய சித்ராவுக்கும் தேசிய விருது கிடைத்தது நியாயமே.

நமது அச்சுக்கூடத்தில் இயந்திரம் ஓட்டும் பெரியவர் ஒருவர் இப்பாட்டை முணுமுணுத்தபடியே வேலை செய்வார்; கீர்த்தனத்தையும் விடாமல் பாடி முடிப்பார். தெலுங்கு எப்போது கற்றீர் என்று ஒரு நாள் கேட்டோம். அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு நம்மைத் திகைப்போடு பார்த்தார்.

“தெலுங்கா? அதில் எங்கேங்க ஐயா தெலுங்கு வருகிறது?” என்றார்.