தேடுவதும் ஒரு கலைதான்!

கடந்த மாதம் ஊருக்குப் போயிருந்தேன். புதிதாக வாங்கிய கம்ப்யூட்டர் முன் அப்பா உட்கார்ந்திருந்தார். நிலத்தின் பட்டாவைப் பார்ப்பதற்காக, கூகுளில் "பட்டா" என்று மட்டும் டைப் செய்து முதலில் வந்த தளத்தைத் திறந்திருந்தார். அது 200 ரூபாயும் வங்கி அட்டை எண்ணும் கேட்டது. "கட்டிடலாமாப்பா?" என்றார். நல்லவேளை, தடுத்துவிட்டேன். அது அரசுத் தளமே அல்ல. காசு கொடுத்து முதலிடத்தில் வந்த விளம்பரம். தமிழக அரசின் தளத்தில் பட்டா விவரங்களை இலவசமாகவே பார்க்கலாம்.

நாம் மனதில் நினைப்பது தேடு இயந்திரத்துக்குத் தெரியாது. கொடுக்கும் சொற்களை வைத்துத்தான் அது பக்கங்களை எடுத்துத் தரும். எனவே கீழ்க்கண்ட வழிகளைப் பின்பற்றுங்கள்.

1. ஒற்றைச் சொல் போதாது. "பட்டா" என்பதை விட "பட்டா சிட்டா தமிழ்நாடு" என்று கொடுத்தால் தேடல் கூர்மையாகும்.

2. விண்டோஸில் ஏதாவது எரர் செய்தி வருகிறதா? அதை அப்படியே இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் டைப் செய்யுங்கள். அதே வாசகம் உள்ள பக்கங்களைத் தேடித் தரும்.

3. வேண்டாத சொல்லுக்கு முன் இடைவெளி விடாமல் மைனஸ் குறி இடுங்கள். பள்ளிப் பாடத்துக்காக பைதான் பாம்பைத் தேடினால், என் போன்றோர் பயன்படுத்தும் புரோகிராமிங் மொழிதான் வந்து நிற்கும். "பைதான் -புரோகிராமிங்" என்று ஆங்கிலத்தில் கொடுத்துப் பாருங்கள்.

4. இதுதான் முக்கியமானது. ஆங்கிலத்தில் "சைட்" என்று டைப் செய்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் "டிஎன் டாட் ஜிஓவி டாட் இன்" என்ற முகவரியைக் கொடுங்கள். பிறகு ஓர் இடைவெளி விட்டு "பட்டா" என்று டைப் செய்யுங்கள். தமிழக அரசுத் தளங்களின் பக்கங்கள் மட்டுமே தேடல் முடிவுகளாக வரும்.

5. விண்ணப்பப் படிவம், பாடநூல் போன்றவை வேண்டுமா? இதே போல "ஃபைல்டைப்", முக்காற்புள்ளி, "பிடிஎஃப்" என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

முடிவுகள் வந்ததும் அவசரப்பட்டு கிளிக் செய்யாதீர்கள். "ஸ்பான்சர்ட்" என்று போட்டிருந்தால் அது விளம்பரம். பணமோ அட்டை எண்ணோ கேட்டால் பிரவுசரின் முகவரிப் பட்டையை ஒருமுறை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்.

நாலாவது வழியைத் தாளில் எழுதி அப்பாவின் மானிட்டரில் ஒட்டிவிட்டு வந்தேன். நீங்களும் ஒட்டி வையுங்கள்!