பிஞ்சா, கனியா? ஐஸ் ஹாக்கியில் ஒரு பதினெட்டு வயதுக் கேள்வி

ஹாக்கி என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் நாட்டில் எவருக்கும் புல்தரையும், வளைந்த மட்டையும், தியான் சந்தின் பெயருமே நினைவுக்கு வரும். கனடா நாட்டிலோ ஹாக்கி என்றால் அது ஐஸ் ஹாக்கிதான். 200 அடி நீளமும் 85 அடி அகலமும் கொண்ட பனிக்கட்டித் தளம். அடியில் கத்தி போன்ற உருக்குத் தகடு பொருத்திய காலணிகள். பந்துக்குப் பதிலாக 3 அங்குலக் குறுக்களவும் ஓர் அங்குலக் கனமும் உள்ள கெட்டி ரப்பர் வட்டு. அதனைப் ‘பக்’ என்பார்கள். இவ்விளையாட்டின் தலைமைப் போட்டி தேசிய ஹாக்கி லீக் எனப்படுவது. கனடாவிலும் அமெரிக்காவிலுமாக 32 அணிகள் இதில் ஆடுகின்றன.

செப்டம்பர் மாதம் பயிற்சி முகாம் தொடங்கியதும் இந்த அணிகளின் மேலாளர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் ஒரு கேள்வி எழுகிறது. புதிதாகத் தேர்ந்தெடுத்த பதினெட்டு வயதுப் பையனை இந்த ஆண்டே பெரியவர்களோடு களத்தில் இறக்கலாமா? அல்லது இன்னும் ஓராண்டு பொறுத்திருக்கலாமா? அந்தப் பையன் எங்களைவிட மூன்றே வயது மூத்தவன். ஆதலால் இதனைப் பற்றிப் படிக்கப் படிக்க, இது வெறும் விளையாட்டுச் செய்தி என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

முதலில் அவன் எங்கிருந்து வருகிறான் என்று பார்ப்போம். கனடாவின் ஜூனியர் லீக்குகளில் 16 முதல் 20 வயது வரையுள்ள இளைஞர்கள் ஆடுகிறார்கள். பதினாறு வயதிலேயே வீட்டை விட்டுப் புறப்பட்டு, வேறோர் ஊரில் யாரோ ஒரு குடும்பத்தாரின் வீட்டில் தங்கி, அவ்வூர்ப் பள்ளியில் படித்துக்கொண்டே ஆடுகிறவர்கள் பலர். நம் விடுதி மாணவியருக்கு இது எளிதில் விளங்கும். செப்டம்பர் 15-க்குள் 18 வயது நிறைபவர்களை, அதற்கு முந்திய கோடையில் நடக்கும் ‘டிராஃப்ட்’ என்னும் தேர்வில் அணிகள் முறைவைத்து எடுத்துக்கொள்கின்றன. இத்தேர்வு 1963-இல் மான்ட்ரியால் நகரில் தொடங்கியது. தேர்ந்தெடுக்கப்பட்டவன் அந்த அணிக்கு உரியவன் ஆகிறானே தவிர, அணியில் இடம் பெற்றுவிட்டான் என்று பொருள் இல்லை. ஓர் அணியின் பட்டியலில் 23 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. ஓர் ஆட்டத்தில் உடையணிந்து இறங்குவோர் இரண்டு கோல் காவலர் உள்பட 20 பேர்தாம்.

ஜூனியர் லீக்கில் நூறு புள்ளி குவித்த பையன் ஏன் தயாராக இருக்கமாட்டான் என்று கேட்கலாம். (கோல் போட்டாலும் ஒரு புள்ளி, கோலுக்கு வட்டை எடுத்துக் கொடுத்தாலும் ஒரு புள்ளி.) அவனுடைய எதிரிகள் இதுவரை அவன் வயதுப் பையன்கள். இனியோ முப்பது, முப்பத்தைந்து வயது ஆண்கள். வட்டுக்காகப் பலகைச் சுவரோடு நெருக்கி மோதுவது அவர்களுக்கு அன்றாடத் தொழில். வட்டு கைக்கு வந்ததும், யாரிடம் தள்ளலாம் என்று தலைநிமிர்ந்து பார்க்க ஜூனியரில் கிடைத்த நேரம் இங்கே கிடைக்காது. ஆகவே முகாமில் அவன் எத்தனை கோல் போட்டான் என்பதை மட்டும் பயிற்சியாளர் பார்ப்பதில்லை. வட்டு அவனிடம் இல்லாதபோது அவன் எங்கே நிற்கிறான்? எதிரி தாக்க வரும்போது திரும்பி ஓடிவருகிறானா? களத்தில் ஒரு முறை இறங்கினால் ஏறக்குறைய முக்கால் நிமிடம் முழு வேகத்தில் ஆடிவிட்டு மாற்று ஆளுக்கு இடம் விட வேண்டும். அந்த முக்கால் நிமிடத்தின் கடைசியிலும் அவன் கால் ஓடுகிறதா? இவற்றைத்தான் பார்க்கிறார்கள்.

ஆடும் இடத்தைப் பொறுத்தும் விடை மாறும். முன்வரிசை ஆட்டக்காரர் சற்று முன்னதாகவே தேறுவர். பின்னால் நின்று காப்பவருக்கு நாள் அதிகம் பிடிக்கும். எதிரி துரத்தி வரும்போது அவனுக்கு முதுகைக் காட்டியபடி வட்டை எடுத்துத் திரும்ப வேண்டியவர் அவரல்லவா? கோல் காவலருக்கோ இன்னும் அதிகம். கானர் ஹெல்லபக் என்பவரை வின்னிபெக் அணி 2012-இல் 130-ஆம் ஆளாக எடுத்தது. அவர் கல்லூரியில் இரண்டாண்டும், பிறகு இரண்டாம் நிலை லீக்கிலும் ஆடி, 2015-இல் 22 வயதில்தான் பெரிய களத்தில் நின்றார். 2025-இல் அந்த லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்குரிய ஹார்ட் கோப்பை அவருக்கே கிடைத்தது.

இனி, இந்தக் கேள்வியைச் சிக்கலாக்கும் இரண்டு விதிகளைச் சொல்ல வேண்டும்.

தேசிய லீக்குக்கு ஒரு படி கீழே அமெரிக்கன் ஹாக்கி லீக் இருக்கிறது. பக்குவப்படாத இளைஞன் ஆடிப் பழகுவதற்கு அதுவே பொருத்தமான இடம் என்று நமக்குத் தோன்றும். ஆனால் கனடிய ஜூனியர் லீக்குகளிலிருந்து எடுக்கப்பட்டவன் 20 வயதுக்கு முன் அங்கே போக முடியாது என்பது இரு தரப்பாரும் நெடுங்காலமாகக் கைக்கொண்ட ஒப்பந்தம். ஒன்று, பெரிய அணியிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்; இல்லையேல் ஜூனியருக்கே திருப்பி அனுப்ப வேண்டும். ஜூனியர் அணிகள் தங்கள் சிறந்த ஆட்டக்காரரை இழந்தால் அரங்கம் காலியாகிவிடும் என்பதே இதன் காரணம். 19 வயதினருக்கு இதனைச் சற்றுத் தளர்த்த 2025-இல் செய்துகொண்ட புதிய உடன்படிக்கையில் வழி சொல்லப்பட்டிருக்கிறது. ஐரோப்பிய லீக்குகளிலிருந்து நேராக வருவோருக்கு இத்தடை இல்லை.

இரண்டாவது, பணத்தைப் பற்றியது. பதினெட்டு வயதில் கையெழுத்திடும் முதல் ஒப்பந்தம் மூன்றாண்டுக்கு உரியது. சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. 18, 19 வயதில் ஒரு பருவத்தில் பத்து ஆட்டங்களுக்குக் குறைவாக ஆடினால் அவ்வாண்டு கணக்கில் சேராது. ஒப்பந்தம் ஓராண்டு தள்ளிப்போகும். பத்தாவது ஆட்டத்தில் கால் வைத்தால் ஓராண்டு கழிந்துவிடும். ஆகவே அணிகள் ஒன்பது ஆட்டம் வரை பையனை ஆடவிட்டுப் பார்த்துவிட்டு, அக்டோபர் இறுதியிலோ நவம்பர் தொடக்கத்திலோ முடிவு செய்கின்றன. பையனின் நன்மையை எண்ணிச் செய்வது எவ்வளவு, கஜானாவை எண்ணிச் செய்வது எவ்வளவு என்று வெளியில் இருப்பவர் பிரித்தறிவது கடினம். இரண்டும் ஒரே பக்கம் சாயும்போது தொல்லை இல்லை. எதிரெதிராகச் சாயும்போதுதான் மேலாளரின் உண்மையான குணம் தெரியும் என்பது எங்கள் எண்ணம்.

இப்போது லியோன் டிரைசைட்டில் என்பவரின் கதையைக் கேளுங்கள். ஜெர்மனியின் கொலோன் நகரில் பிறந்து, கனடாவின் ஜூனியர் லீக்கில் ஆடியவர். 2014-இல் எட்மன்டன் அணி இவரை மூன்றாவது ஆளாகத் தேர்ந்தெடுத்து, அந்த அக்டோபரிலேயே களத்தில் இறக்கியது. அவ்வாண்டு 37 ஆட்டங்களில் அவர் போட்டவை 2 கோல்; உதவியவை 7. ஒன்பது ஆட்ட எல்லை எப்போதோ தாண்டிவிட்டது. ஒப்பந்தத்தில் ஓராண்டு கழிந்துவிட்டது. ஆயினும் 2015 ஜனவரியில் அணி அவரை ஜூனியருக்குத் திருப்பி அனுப்பிவிட்டது. பெரியவர்களோடு உட்கார்ந்து பழகிய இளைஞன் மறுபடி பையன்களோடு போய்ச் சேருவது எவ்வளவு கசப்பாக இருந்திருக்கும்! ஆனால் அங்கே, கெலோனா அணியில், அவர் நிமிடக்கணக்கில் காத்துக் கிடக்கவில்லை. ஆட்டத்தின் முக்கியமான வேளைகளிலெல்லாம் களத்தில் நின்றார். கெலோனா அவ்வாண்டு தன் லீக்கின் பட்டத்தை வென்றது. கனடிய ஜூனியர் அணிகளின் இறுதிப் போட்டியான மெமோரியல் கோப்பையில் கெலோனா தோற்றபோதும், போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருது டிரைசைட்டிலுக்கே வழங்கப்பட்டது. அடுத்த பருவத்தில் எட்மன்டனுக்காக 72 ஆட்டங்களில் 51 புள்ளி எடுத்தார். 2020-இல் லீக்கிலேயே அதிகப் புள்ளி எடுத்தவருக்கான ஆர்ட் ராஸ் கோப்பையையும் ஹார்ட் கோப்பையையும் சேர்த்துப் பெற்றார்.

நடுப்பருவத்தில் அனுப்பப்பட்டதால்தான் அவர் பெரிய ஆட்டக்காரர் ஆனார் என்று நாங்கள் சாதிக்க வரவில்லை. ஜோ தார்ன்டனைப் பாருங்கள். 1997-இல் முதல் ஆளாகத் தேர்வான அவரைப் பாஸ்டன் அணி திருப்பி அனுப்பவில்லை. முதலாண்டு முழுவதும் அவ்வப்போது சில நிமிடங்களே ஆடவிட்டது. 55 ஆட்டங்களில் 3 கோல், 4 உதவி, அவ்வளவுதான். அவரும் 2006-இல் அதே இரண்டு கோப்பைகளையும் பெற்றார். 1,714 ஆட்டங்கள் ஆடி, 2025-இல் ஹாக்கி புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். ஆக, வலுவான விதை எந்த நிலத்திலும் முளைத்துவிடுகிறது என்று சொல்லிக் கையைக் கழுவிவிடலாமா? கூடாது என்போம். புகழ் பெற்றவர்களின் பெயர்தான் நமக்குத் தெரிகிறது. மேலாளருக்கு முன்னால் நிற்கிறவனோ இன்னும் பெயர் பெறாதவன்.

இளம் வயதிலேயே கனிந்தவர்களும் உண்டு. சிட்னி கிராஸ்பி 2005-06-இல் 18 வயதில் 102 புள்ளி எடுத்தார். அவரைப் பிட்ஸ்பர்க் நகரில் தனியே விடாமல், அணியின் மூத்த ஆட்டக்காரரும் உரிமையாளருமான மரியோ லெமியூ தம் குடும்பத்தோடு தம் வீட்டிலேயே தங்கவைத்துக்கொண்டார். பெற்றோர்கள் இதைக் கவனிப்பார்கள் என்று நம்புகிறோம்! அடுத்த ஆண்டே அதே அணியில் ஜோர்டன் ஸ்டால் 18 வயதில் 29 கோல் போட்டார். இரண்டாம் சுற்றில் 45-ஆம் ஆளாக எடுக்கப்பட்ட பாட்ரிஸ் பெர்ஜெரான் 2003-இல் எவரும் எதிர்பாராத வகையில் பாஸ்டன் அணியில் இடம் பிடித்தார். வட்டு இல்லாதபோதும் எங்கே நிற்க வேண்டும் என்று அவருக்கு அப்போதே தெரிந்திருந்தது. இதற்கு மாறாக டெட்ராய்ட் அணி பிஞ்சைப் பறிப்பதில்லை என்று பெயர் வாங்கியது. 1999-இல் 210-ஆம் ஆளாக எடுத்த ஹென்ரிக் செட்டர்பெர்கை 2002 வரை சுவீடனிலேயே ஆடவிட்டது. கனிந்த பின்னும் சிறிது நாள் மரத்தில் இருக்கட்டும் என்பது அவர்கள் கொள்கை. தடியால் அடித்துப் பழுக்கவைத்த பழத்தின் சுவை நம் வீட்டுப் பாட்டிமாருக்கும் தெரிந்ததுதானே.

ஒரே ஆண்டில் இரு வேறு வழிகளில் போன இருவரை ஒப்பிட்டால் விஷயம் இன்னும் தெளிவாகும். 2022 தேர்வில் ஷேன் ரைட் முதல் ஆளாக வருவார் என்று பலரும் நினைத்திருக்க, மான்ட்ரியால் அணி சுலோவாக்கியாவின் யூராய் ஸ்லாஃப்கோவ்ஸ்கியை எடுத்தது. ரைட் நான்காவதாகச் சியாட்டிலுக்குப் போனார். மான்ட்ரியால் தன் பையனைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. ஐரோப்பாவிலிருந்து வந்தவராதலால் இரண்டாம் நிலை லீக்குக்கு அனுப்ப வழி இருந்தும் அனுப்பவில்லை. 39 ஆட்டம், 4 கோல். ஜனவரியில் முழங்காலில் அடிபட்டுப் பருவமே முடிந்துவிட்டது. அவசரப்பட்டார்கள் என்று பலர் ஏசினர். மறு ஆண்டு அவர் 82 ஆட்டங்களிலும் ஆடி 20 கோல் போட்டார்.

ரைட்டின் முதலாண்டோ பந்தயக் குதிரையின் பயணம் போலிருந்தது. சியாட்டிலில் பல நாள் ஆடாமல் உட்கார்ந்திருந்தார். ஆடாமல் இருப்பவரைச் சில நாளுக்கு இரண்டாம் நிலை லீக்கில் பழகவிடலாம் என்ற சிறு விலக்கைப் பயன்படுத்தி அங்கே அனுப்ப, 5 ஆட்டத்தில் 4 கோல் போட்டார். திரும்பி வந்து, தம்மை எடுக்காமல் விட்ட மான்ட்ரியாலுக்கு எதிராகவே தம் முதல் கோலைப் போட்டார். பிறகு 20 வயதுக்கு உட்பட்டோர் உலகப் போட்டியில் கனடாவின் தலைவராகி, 2023 ஜனவரி 5 அன்று தங்கம் வென்றார். அன்று அவருக்குப் பத்தொன்பதாவது பிறந்தநாள்! அதன்பின் ஜூனியருக்கே திருப்பி அனுப்பப்பட்டார். அவ்வாண்டு தேசிய லீக்கில் அவர் ஆடியது 8 ஆட்டங்கள். ஒப்பந்தத்தில் ஒரு நாளும் குறையவில்லை. 2024-25-இல்தான் சியாட்டிலில் முழுப் பருவம் ஆடி 19 கோல் போட்டார்.

எங்களைக் கேட்டால், ‘இவன் இந்த அணியில் தாக்குப் பிடிப்பானா?’ என்பது தவறான கேள்வி என்போம். தாக்குப் பிடித்தபடியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். அதனால் யாருக்கு என்ன பயன்? இந்த ஆண்டு இவன் எங்கே அதிக நேரம் ஆடுவான், கடினமான வேளைகளில் எங்கே இவனை நம்பி அனுப்புவார்கள் என்று கேட்பதே முறை. பள்ளிகளில் கெட்டிக்காரப் பிள்ளைக்கு டபுள் புரமோஷன் கொடுப்பதைப் பற்றி நம் ஆசிரியைகள் பேசிக்கொள்வதும் ஏறக்குறைய இதே வழக்குத்தான்.

ஜூனியருக்கும் தேசிய லீக்குக்கும் இடையே இன்னொரு பாதையும் இப்போது அகலமாகியிருக்கிறது. கனடிய ஜூனியர் லீக்குகளில் ஆடியவரை அமெரிக்கக் கல்லூரி அணிகள் முன்பு சேர்ப்பதில்லை. 2025-26 முதல் அத்தடை நீங்கியது. அவ்வாண்டே கேவின் மெக்கென்னா என்னும் பெயர் பெற்ற இளைஞர் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே தம்மைவிட நான்கைந்து வயது மூத்தவர்களோடு மோதிப் பழகலாம், வகுப்புக்கும் போகலாம்.

பெண்கள் ஆடும் தொழில்முறை ஹாக்கி லீக் 2024 ஜனவரி 1 அன்றுதான் தொடங்கியது. அதற்கு வருவோரில் பெரும்பாலோர் கல்லூரியில் நான்கைந்து ஆண்டுகள் ஆடி முடித்தவர்கள். ஆகவே பதினெட்டு வயதுக் கேள்வி அவர்கள் விஷயத்தில் பெரும்பாலும் எழுவதே இல்லை. 2023-இல் நடந்த முதல் தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்ட டெய்லர் ஹைஸுக்கு வயது 23. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆடி முடித்தவர். முதல் பருவத்திலேயே மின்னசோட்டா அணி வால்டர் கோப்பையை வென்றது. இறுதிச் சுற்று ஆட்டங்களின் சிறந்த வீராங்கனை என்ற விருது ஹைஸுக்குக் கிடைத்தது.