கௌலியில் பிறந்த ஹோண்டா

1970களின் கடைசியில் பிரிட்டிஷ் லேலண்ட் கார் என்றாலே வாங்குபவர்களுக்குத் தயக்கம். ஓயாத வேலைநிறுத்தம், அரைகுறையான கட்டமைப்பு என்று எதைச் சொன்னாலும் பழி தொழிலாளர் தலையில்தான் விழுந்தது. அந்தப் பழி செல்லாது என்பதற்கு 1981 அக்டோபரில் வந்த ட்ரையம்ஃப் அக்லெய்ம் என்ற சிறிய குடும்பக் காரே சாட்சி. மெட்ராஸில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு வழியாக நமக்கும் பழக்கமான ட்ரையம்ஃப் குடும்பத்தின் கடைசிப் பிள்ளை இது. ஆனால் வடிவமைப்பு ஹோண்டாவின் பல்லாடு காருடையது. புது மாடல் உருவாக்கப் பணமோ அவகாசமோ இல்லாத லேலண்டின் தலைவர் மைக்கேல் எட்வர்ட்ஸ், 1979 டிசம்பரில் ஹோண்டாவுடன் ஒப்பந்தம் போட்டார். இரட்டை கார்புரேட்டர் பூட்டிய 1335 சிசி எஞ்சின் ஹோண்டாவுடையது. கார் முழு உருவம் பெற்றது ஆக்ஸ்ஃபோர்டை ஒட்டிய கௌலி ஆலையில். தரக்குறைவுக்குப் பேர்போன மோரிஸ் மரினாவைக் கட்டிய அதே ஆலைதான். உத்தரவாதக் காலத்தில் பழுதென்று திரும்பி வந்தது லேலண்ட் கார்களிலேயே அக்லெய்மில்தான் மிகக் குறைவு.

எஞ்சின் ஜப்பானுடையது, அதனால் பெருமையும் ஜப்பானுக்கே என்று சொல்லலாம். இத்தாலியும் இதை ஜப்பானியக் கார் என்றே சொல்லி இறக்குமதியை ஆட்சேபித்தது. ஆனால் கதவு சரியாகப் பொருந்துவதும், வயர் இணைப்பு கழன்றுவிடாமல் இருப்பதும் எஞ்சினைப் பொறுத்தவை அல்ல. அவை பொருத்துபவர் கையில் இருக்கின்றன. அந்தக் கைகள் மாறவில்லை. மாறியது அவர்களிடம் வந்து சேர்ந்த வரைபடம்: ஏற்கெனவே ஜப்பானில் ஓடிப் பழகிய, தப்பாகப் பொருத்த அதிகம் இடம் கொடுக்காத வடிவமைப்பு. துரு மட்டும் அக்லெய்மையும் விடவில்லை. அதற்கும் பொருத்தியவர்களைக் குறை சொல்ல முடியாது. அக்கால ஜப்பானியக் கார்கள் பலவற்றுக்கும் அந்த நோய் உண்டு.

இன்னொரு ஆட்சேபம் கனமானது: இரவல் வடிவத்திலேயே பிழைத்தால் சொந்தத் திறமை மழுங்காதா? அக்லெய்மின் இடத்துக்கு லேலண்ட் 1984இல் கொண்டுவந்த ரோவர் 200ம் பல்லாடுதான். ஆனால் அதன் 213 மாடலில் ஹோண்டா எஞ்சின், 216இல் சொந்த எஞ்சின். 1989இன் அடுத்த தலைமுறையை ஹோண்டா கன்சர்ட்டோவோடு சேர்ந்தே உருவாக்கினார்கள். அதில் ரோவரின் புதிய கே சீரிஸ் எஞ்சினும் வந்தது. மழுங்கிய கை செய்கிற வேலையா இது? ஹோண்டாவுடனான கூட்டு பின்னர் முறிந்ததற்குக் காரணமும் ஆலையில் இல்லை. ரோவர் என்று பெயர் மாறியிருந்த லேலண்டை 1994இல் அதன் அப்போதைய உரிமையாளரான பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸ் பிஎம்டபிள்யூவுக்கு விற்றுவிட்டது. அதற்குள் ஹோண்டா இங்கிலாந்தின் ஸ்விண்டனில் சொந்தமாகவே கார் கட்டத் தொடங்கியிருந்தது.