செல்லாத நோட்டும் செல்லுபடியாகும் அத்தோவும்!

பத்து வருஷத்துக்கு முன்னால், பி.காம். முடித்து ஓர் ஆபீஸில் வவுச்சர் எழுதிக்கொண்டிருந்த காலம். ஏ.சி. ஓட்டல் மெனுவில் 'பர்மா ஸ்பெஷல்' என்று பார்த்தவன், மாசக் கடைசி என்பதை மறந்து ஆர்டர் கொடுத்துவிட்டேன். தேங்காய்ப்பாலில் நூடுல்ஸ் நீச்சலடித்தபடி வந்தது. குழம்பு ஒரே இனிப்பு. பில்தான் காரம்!

மறுநாள் இதைச் சொல்லிப் புலம்பினேன். ரிட்டயர்மென்ட்டை நெருங்கிக்கொண்டிருந்த சீனியர் சிரித்தார். "பர்மா சாப்பாட்டுக்கு ஏ.சி. எதுக்குத் தம்பி? சாயங்காலம் என்கூட வா."

பீச் ஸ்டேஷனில் இறங்கி, பர்மா பஜாரைத் தாண்டி, செகண்ட் லைன் பீச்சுக்குள் நுழைந்தோம். வரிசையாகத் தள்ளுவண்டிகள். ஆரஞ்சு நிறத்தில் மலைபோல நூடுல்ஸ். அதுதான் அத்தோ! பர்மிய மொழியில் 'அத்தௌ' என்றால் கையால் பிசைந்து கலந்தது என்று அர்த்தமாம்.

நூடுல்ஸ், நறுக்கின முட்டைக்கோஸ், வெங்காயம், பூண்டு வறுத்த எண்ணெய், புளித்தண்ணி, மிளகாய்த்தூள், மொறுமொறு பேஜோவை நொறுக்கி மேலே ஒரு தூவல். கடைக்காரர் பிசைந்த வேகத்தில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியிருப்பார்! கூடவே ஒரு கிண்ணம் சூடான வாழைத்தண்டு சூப்.

நல்ல கடையைக் கண்டுபிடிப்பது எப்படி என்று சீனியர் பாடம் எடுத்தார். "தோசைக்கல்லுல டங்கு டங்குனு சத்தம் கேட்டா அது ஃப்ரைடு நூடுல்ஸ், வந்த வழியே திரும்பிடு. அத்தோவைப் பிசையத்தான் செய்வாங்க, வதக்க மாட்டாங்க. முதல்ல சூப்பைக் குடிச்சுப் பாரு. வாழைத்தண்டு பல்லுல படணும். அப்புறம், 'மொஹிங்கா இருக்கா?'னு கேளு. கடைக்காரர் முகம் மலர்ந்தா உட்காரு. 'அப்படின்னா?'னு கேட்டா நடையைக் கட்டு."

மொஹிங்கா என்பது பர்மாக்காரர்களின் காலை டிபன். அரிசி சேமியாவின் மேல் மீனும் வாழைத்தண்டும் கொதித்த குழம்பு. நமக்கு இட்லி சாம்பார் மாதிரி.

"இவ்வளவு விஷயம் எப்படி சார் தெரியும்?" என்றேன்.

கிண்ணத்தைக் கீழே வைத்தார். "நான் பொறந்தது ரங்கூன்ல தம்பி."

1962-ல் அங்கே நே வின்னின் ராணுவ ஆட்சி வந்தது. 1964-ல் கடைகளை அரசே எடுத்துக்கொண்டது. அதே வருஷம் மே மாதம், ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு. இந்தியர்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பல் ஏறினார்கள். சீனியருக்கு அப்போது எட்டு வயசு.

"அப்பாவோட மளிகைக்கடை போச்சு. பொட்டியில வச்சிருந்த நோட்டு காகிதமாப் போச்சு. அம்மா காதுல கிடந்ததைக்கூட எடுத்துட்டு வர முடியல. ஆனா அம்மா மனசுல இருந்த சமையலை எந்த கஸ்டம்ஸ்காரன் சோதனை போட முடியும்?"

நான் காமர்ஸ் படிச்சவன். எல்லா அசெட்டும் பூஜ்யமான பேலன்ஸ் ஷீட்டில், கணக்கில் வராத ஒரே ஒரு ஐட்டம் மிஞ்சி, அதை வைத்தே ஒரு கூட்டம் பிழைத்து எழுந்ததை எந்த அக்கவுன்டன்ஸி வாத்தியாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

1989-லேயே பர்மா, மியான்மர் ஆகிவிட்டது. நம்மூர் நாக்குக்கு இன்னும் பர்மாதான்! உங்கள் ஊரில் 'பர்மா காலனி' என்று ஒன்று இருந்தால், பெரிய ஓட்டலைத் தேடாமல் சாயங்காலம் அந்தப் பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள்.

அன்றைக்கு பில்லை நான்தான் கொடுப்பேன் என்று அடம் பிடித்தேன். சீனியர் என் கையைத் தட்டிவிட்டு, தன் நூறு ரூபாயை நீட்டினார். கடைக்காரர் அதை விளக்கு வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்தார்.

"செல்லும்ப்பா, செல்லும்!" என்று சிரித்தார் சீனியர். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.