நியூயார்க் எத்தனை கிலோ தூரம், தெரியுமா?

நீங்கள் போட்டிருக்கும் டி-சர்ட்டை ஒரே இழையாக உருவினால் எவ்வளவு நீளம் வரும், தெரியுமா? முப்பதாம் நம்பர் நூலில் ஓட்டிய 150 கிராம் பீஸ் என்றால் ஏறக்குறைய ஏழரை கிலோமீட்டர்! நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனி கேட்டில் நுனியைக் கட்டிவிட்டு நடந்தால் திருப்பூர் ரயில்வே ஸ்டேஷன் வந்துவிடும்!

நம்பவில்லையா? ஒரு பவுண்டு எடையில் 840 கஜ நீளச் சிட்டங்கள் எத்தனை அடங்குகின்றனவோ, அதுதான் நூலின் நம்பர். முப்பதாம் நம்பரில் ஒரு கிலோவுக்கு 50 கிலோமீட்டர் தேறும். கோவை விமான நிலையத்துக்கு ஒரே கிலோ போதும். நெருப்பெரிச்சலிலிருந்து நியூயார்க் நேர்கோட்டில் சுமார் 13,500 கிலோமீட்டர். அப்படியானால் 270 கிலோ நூல்! நிட்டிங் மிஷின் வைத்திருப்பவர்கள் சிரிப்பார்கள்; அவர்களுக்கு அது ஒரு சின்ன லோடுகூட இல்லை.

அந்த நூல் எந்தப் பக்கம் போகும், தெரியுமா? அமெரிக்கா மேற்கே இருக்கிறது, அரபிக்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா வழியாக என்றுதானே நினைக்கிறீர்கள்? ஓர் உலக உருண்டையில் நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். அது வடக்கே ஏறுகிறது! நாசிக் பக்கமாகப் போய், ஆப்கானிஸ்தான், கஜகஸ்தான், ரஷ்யா, பின்லாந்து, ஐஸ்லாந்து என்று நாடுகளை வரிசையாகத் தொட்டு, கிரீன்லாந்தின் தென்முனையை உரசி, கனடா வழியாக இறங்குகிறது. பூமி உருண்டை என்று பள்ளியில் படித்ததை இந்த ஒரு முழ நூல் போல எந்த வாத்தியாரும் எனக்குப் புரிய வைத்ததில்லை.

2021 ஜனவரியில் ஏர் இந்தியா செய்ததும் இதுதான். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு, ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர், நடுவில் எங்கும் இறங்காமல், வடதுருவத்தின் மேலேயே பறந்தார்கள். ஓட்டியவர்கள் அத்தனை பேரும் பெண்கள்!

மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் நியூயார்க் 15 மணி நேரம். ஆனால் கோவையிலிருந்து நேரடி விமானம் கிடையாது. மாறித்தான் ஏற வேண்டும். வேடிக்கை பாருங்கள்: கிழக்கே சிங்கப்பூருக்கு நாலரை மணி நேரம் பறந்தும் மேற்கே இருக்கும் அமெரிக்காவைப் பிடிக்கலாம்! சிங்கப்பூர்–நியூயார்க் விமானம் 15,300 கிலோமீட்டரைத் தாண்டும். கிட்டத்தட்ட 19 மணி நேரம் சீட்டிலேயே. உலகின் மிக நீளமான பயணிகள் விமானத் தடங்களில் அது ஒன்று.

தூத்துக்குடியில் கப்பலேறும் பனியன் பெட்டிக்கு இதே பயணம் வாரக்கணக்கு. டெலிவரி தேதி தவறினால் ஏர் ஷிப்மென்ட்தான், அதற்கு ஆகும் செலவை எந்த முதலாளியிடமும் வாய்விட்டுக் கேட்டுவிடாதீர்கள்!

இன்னொன்று தெரியுமா? கோடைக்காலத்தில் நியூயார்க் நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால். அங்கே பையர் மாலை ஆறு மணிக்கு அனுப்பும் மெயில், இங்கே விடியற்காலை மூன்றரைக்கு மெர்ச்சண்டைசர் தலையணைக்கடியில் டிங் என்கிறது. அதற்கு மட்டும் டிரான்சிட்டும் இல்லை, இறங்கி ஏறவும் வேண்டாம்!