எட்டு மதகுருக்களும் இரு நண்பர்களும்

1963 ஏப்ரல் 12 அன்று, அமெரிக்காவின் பர்மிங்ஹாம் நகரில் நிறப் பாகுபாட்டுக்கு எதிராகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் கைது செய்யப்பட்டார். அதே நாளில் அலபாமா மாநிலத்தின் வெள்ளையின மதகுருக்கள் எண்மர் கூட்டறிக்கை ஒன்றை வெளியிட்டனர். எழுவர் வெவ்வேறு கிறித்தவ சபையினர். எட்டாமவர் யூத ரபி. போராட்டம் காலப்பொருத்தமற்றது, வெளியாட்களால் நடத்தப்படுவது, தீர்வை நீதிமன்றங்களில் தேட வேண்டும் என்றது அறிக்கை. அதற்கு கிங் எழுதிய மறுமொழிதான் புகழ்பெற்ற பர்மிங்ஹாம் சிறைக் கடிதம்.

சமய நல்லிணக்கத்தைப் பற்றிப் பேசுவோர் இந்த அறிக்கையை நினைவில் கொள்வது நல்லது. கத்தோலிக்கரும் மெதடிஸ்டும் யூதரும் ஒரே தாளில் கையொப்பமிட்டது அக்காலத்தில் சிறிய செய்தியன்று. ஆனால் அந்த இணக்கம் ஒடுக்கப்பட்டோரைக் காத்திருக்கச் சொல்லும் இணக்கமாக இருந்தது.

அதே ஆண்டு ஜனவரியில், சிகாகோவில் நடந்த சமயமும் இனமும் குறித்த தேசிய மாநாட்டில் வேறொரு நட்பு தொடங்கியிருந்தது. அங்குதான் கிங்கும் ஆபிரகாம் ஜோஷுவா ஹெஷலும் முதன்முதலாகச் சந்தித்தனர். ஹெஷல் 1907இல் வார்சாவில் ஹசிதிய குருமார் மரபில் பிறந்தவர். 1938இல் நாஜி ஜெர்மனியிலிருந்து வெளியேற்றப்பட்டு, பின்னர் அமெரிக்காவில் அடைக்கலம் புகுந்தவர். ஐரோப்பாவில் விட்டு வந்த தாயையும் மூன்று சகோதரிகளையும் அப்பேரழிவில் இழந்தார்.

இருவரையும் இணைத்தது எபிரேயத் தீர்க்கதரிசிகளின் மரபு. நீதியற்ற இடத்தில் நடக்கும் வழிபாட்டைக் கடவுளே வெறுக்கிறார் என்ற ஆமோசின் கண்டனம் யூதருக்கும் கிறித்தவருக்கும் பொதுவான வேதப்பகுதி. ஹெஷல் அதை வெறும் ஆய்வுப் பொருளாகக் கருதவில்லை. 1963 ஜூனில் அதிபர் கென்னடிக்கு அனுப்பிய தந்தியில், கறுப்பின மக்களை இழிவுபடுத்தும்வரை கடவுளை வணங்கும் உரிமையையே நாம் இழக்கிறோம் என்றார். சமயத் தலைவர்கள் தம் ஒரு மாத ஊதியத்தைக் கறுப்பின மக்களின் வீட்டுவசதிக்கும் கல்விக்கும் வழங்க வேண்டும் என்றும் முன்மொழிந்தார். என் பார்வையில், அந்தத் தந்தியின் மிகக் கூர்மையான வரி இந்த ஊதியக் கோரிக்கைதான்.

1964 ஜூனில் கிங்கின் அழைப்பை ஏற்று ஃப்ளோரிடாவின் செயின்ட் அகஸ்டின் நகருக்குச் சென்ற 16 ரபிகள் கைதாயினர். ஹிட்லரின் எரியூட்டும் கூடங்களிலிருந்து புகை எழுந்தபோது மௌனமாக நின்ற முகமற்ற லட்சக்கணக்கானோரை நினைவில் கொண்ட யூதர்களாகவே வந்தோம் என்று அவர்கள் சிறையிலிருந்து எழுதினர். தெற்கில் வாழ்ந்த யூதர்கள் பலர் ஒதுங்கி நின்றதும் உண்மை. அவர்களது அச்சம் கற்பனையானதன்று. 1958இல் அட்லாண்டாவின் யூதத் தொழுகைக்கூடம் குண்டுவைத்துத் தாக்கப்பட்டது. எனினும் அன்றாடம் அதே பயங்கரத்தில் வாழ்ந்த கறுப்பின மக்களுக்கு ஒதுங்கி நிற்கும் வாய்ப்பு இருக்கவில்லை.

1965 மார்ச் 21 அன்று செல்மாவிலிருந்து வாக்குரிமைக்காகப் புறப்பட்ட பேரணியின் முன்வரிசையில் வெண்தாடியுடன் ஹெஷல் நடந்தார். தம் கால்களே பிரார்த்தனை செய்வதாக அன்று உணர்ந்ததைப் பின்னர் குறிப்பிட்டார். ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது.

அந்தக் கோடையில், ஜூலை 4 அன்று ஆற்றிய பிரசங்கத்தில், கிங் 1959ஆம் ஆண்டின் தம் இந்தியப் பயணத்தை நினைவுகூர்ந்தார். கேரளத்தில், தலித் மாணவர்கள் பயின்ற பள்ளி ஒன்றின் தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்த சக தீண்டத்தகாதவர் என்று அறிமுகம் செய்தாராம். முதலில் அதிர்ந்து, சற்றுச் சினமுற்ற கிங், பிறகு தம் நாட்டின் சேரிகளை எண்ணிப் பார்த்து, ஆம், நான் தீண்டத்தகாதவனே என்று தமக்குள் ஏற்றுக்கொண்டதாகக் கூறினார். தோழமை எத்தகைய பார்வையிலிருந்து பிறக்கிறது என்பதற்கு அந்தச் சினமும் அதன் தணிவும் சான்று.

வியட்நாம் போரை எதிர்ப்பது குடியுரிமைப் போராட்டத்தைப் பலவீனப்படுத்தும் என்று நெருங்கியவர்களே கிங்கை எச்சரித்தனர். 1967 ஏப்ரல் 4 அன்று நியூயார்க்கின் ரிவர்சைடு தேவாலயத்தில் அவர் போரைக் கண்டித்துப் பேசியபோது, அந்நிகழ்வை நடத்திய அமைப்பின் நிறுவனர்களுள் ஒருவரான ஹெஷலும் அதே மேடையில் பேசினார்.

1968 மார்ச் 25 அன்று ஹெஷலின் அறுபதாம் ஆண்டு நிறைவைச் சிறப்பித்த ரபிகளின் மாநாட்டுக்கு கிங் வந்தார். விடுதலைப் போராட்டத்தின் கீதத்தை எபிரேயத்தில் பாடி அவரை வரவேற்றனர். எகிப்திய அடிமைத்தளையிலிருந்து மீண்டதை நினைவுகூரும் பாஸ்கா விருந்துக்குத் தம் இல்லத்துக்கு வருமாறு ஹெஷல் குடும்பத்தினர் கிங்கை அழைத்திருந்தனர். அவ்வாண்டு பாஸ்கா ஏப்ரல் 12 மாலையில் தொடங்கியது. ஏப்ரல் 4 அன்று மெம்ஃபிஸ் நகரில் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய இறுதிச் சடங்கில் ஹெஷல் வேதப்பகுதி ஒன்றை வாசித்தார்.