கேட்டது எது? வரைந்தது எது?

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல் மாணவர் ஒருவர்)

கை நன்றாக இருந்தால் போதும், ஓவியத் தேர்வில் வெற்றி பெற்றுவிடலாம் என்று நினைப்பவர் பலர். நானும் அப்படி நினைத்தவன்தான். அந்த நினைப்பு என் வாழ்வில் ஓராண்டைத் தின்றுவிட்டது. கணக்கிலும் அறிவியலிலும் வினாவைப் புரிந்துகொள்ளாமல் விடை எழுத முடியாது என்பதை எல்லாரும் ஒப்புக்கொள்வர். ஆனால் ஓவியத் தேர்விலும் வினா என்று ஒன்று உண்டு என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அதைப் பற்றி நான் பட்டுத் தெரிந்துகொண்டதை இம்மலரின் வாயிலாகச் சக மாணவர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

நம் மாநிலத்தில் அரசுத் தேர்வுகள் இயக்ககம் தொழில்நுட்பத் தேர்வுகளை நடத்திவருகிறது. ஓவியம், தையல், இசை முதலியன அவற்றுள் அடங்கும். ஓவியத்தில் கீழ்நிலை, மேல்நிலை என இரு படிகள் உண்டு. பேச்சு வழக்கில் 'லோயர்', 'ஹையர்' என்போம். பள்ளியில் ஓவிய ஆசிரியராக வேண்டும் என்ற ஆசையுடையோர் பலர் இப்படிகளில் ஏறித்தான் செல்கின்றனர்.

எங்கள் ஊர் உளுந்தூர்பேட்டையை அடுத்த ஒரு சிற்றூர். தந்தையார் கரும்பு வெட்டும் கூலித் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பதினோராம் வகுப்பில் படித்தபோது லோயர் தேர்வுக்குப் பணம் கட்டினேன். அந்தப் பணம் அப்பாவின் வெட்டுக் கூலியிலிருந்து வந்தது.

தேர்வு அறையில் ஒரு மேசைமேல் மரப்பெட்டியும் வாளியும் வைக்கப்பட்டிருந்தன. அவற்றைப் பார்த்து வெளிக்கோட்டில் வரைய வேண்டும். நான் என்ன செய்தேன்? வாளிக்குப் பின்னால் ஒரு கிணற்றை வரைந்தேன். கிணற்றருகே ஒரு தென்னை மரம். நீர் இறைக்கும் பெண் ஒருத்தி. போதாக்குறைக்கு நிழலும் தீட்டினேன். மிக அழகாக வந்திருப்பதாக எண்ணி மகிழ்ந்தேன். முடிவு வந்தபோது நான் தேறவில்லை.

"படம் நல்லாத்தானேடா போட்ட? அவங்க என்னதான் கேட்டாங்க?" என்றார் அப்பா. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தோற்றதைவிட அந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் நின்றதுதான் என்னை வருத்தியது.

விடையின் தொடக்கம் எங்கள் வீட்டு வாசலிலேயே இருந்தது. மார்கழி மாதத்தில் ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பெண் வந்து, ஏழு புள்ளியில் இடைப்புள்ளிக் கோலம் ஒன்று போட்டுக் காட்டும்படி அம்மாவைக் கேட்டாள். "நேர்ப்புள்ளியில் போட்டால் இன்னும் பெரிதாக, அழகாக இருக்குமே" என்றேன் நான். அம்மா சிரித்தார். "அவ கேட்டது இடைப்புள்ளி. நேர்ப்புள்ளி வெச்சா அது வேற கோலம்டா" என்றார். பள்ளிக்கூடம் போகாத என் தாய்க்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை! கேட்டதைவிட அழகான ஒன்றைத் தருவது, கேட்டதைத் தருவது ஆகாது.

இனி வினாக்களின் வகைகளைப் பார்ப்போம்.

'ஃப்ரீஹாண்ட் அவுட்லைன்' என்பது அளவுகோலோ காம்பஸோ இல்லாமல் கையால் வெளிக்கோடு வரைவது. இது சோதிப்பது கற்பனையை அன்று. இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒத்திருக்கின்றனவா, உயரத்துக்கேற்ற அகலம் உள்ளதா, கோடு தயங்காமல் ஓடுகிறதா என்பவற்றையே பார்க்கிறது. கோலத்தின் ஒரு பாதியைப் போலவே மறு பாதியையும் இழுக்கும் கைக்கு இது புதிதன்று. நடுக்கோடு ஒன்றை மெலிதாகப் போட்டுக்கொண்டு தொடங்குவது நலம்.

'மாடல் டிராயிங்' என்பது எதிரே உள்ள பொருளைக் கண்டு வரைவது. இங்கேதான் பெரும்பாலோர் வழுக்கி விழுகிறோம். பொருள் எப்படி இருக்கிறது என்று வினா கேட்கவில்லை. நீ அமர்ந்திருக்கும் இடத்திலிருந்து அது எப்படித் தெரிகிறது என்றே கேட்கிறது. வாளியின் வாய் வட்டம் என்பது நமக்குத் தெரியும். ஆனால் அது நம் கண்மட்டத்தில் இருந்தால் ஒரு நேர்க்கோடாகத்தான் தெரியும். கண்மட்டத்துக்குக் கீழே இறங்க இறங்க அந்தக் கோடு நீள்வட்டமாக விரியும். எனவே மேசைமேல் உள்ள வாளியின் அடிப்பகுதி, வாய்ப்பகுதியைவிடச் சற்று அதிகமாக வளைந்திருக்க வேண்டும். நானோ வாயை முழு வட்டமாகவும் அடியை நேர்க்கோடாகவும் போட்டிருந்தேன். கண் கண்டதை விட்டுவிட்டு, மனம் அறிந்ததை வரைந்துவிட்டேன்.

பெட்டிக்கும் இதே விதிதான். நம் உளுந்தூர்பேட்டையில் சேலம் சாலை பிரியும் இடத்தருகே நின்று திருச்சி நெடுஞ்சாலையை நோக்குங்கள். சாலையின் இரு ஓரங்களும் தொலைவில் ஒன்றுசேர்வதுபோல் தோன்றும். சாலையின் அகலம் குறையவில்லை. தொலைவு இரு மடங்கானால், அந்த அகலம் நம் கண்ணில் உண்டாக்கும் கோணம் ஏறத்தாழப் பாதியாகிறது. அவ்வளவே. பெட்டியின் விளிம்புகளும் நம்மை விட்டு விலகிச் செல்லச் செல்ல நெருங்கி வரும். இயற்பியல் வகுப்பில் படித்த ஒளியியல், ஓவியத் தாளில் எனக்குக் கைகொடுத்தது இப்படித்தான்.

'நினைவிலிருந்து வரைக' என்றால் வினா வேறாகிறது. அன்றாடம் காணும் மிதிவண்டியில் சங்கிலி எந்தச் சக்கரத்தோடு இணைகிறது என்பதை எத்தனை பேர் உற்றுப் பார்த்திருக்கிறோம்? இவ்வினாவுக்குத் தேர்வுக்கு முன்பே தெருவில் விடை தேட வேண்டும். 'வடிவமைக்க' என்றாலோ பயன் முக்கியம். சேலைக் கரைக்கு வடிவம் கேட்டால், ஒரு பூ மட்டும் அழகாக இருந்து பயனில்லை. அது அடுத்த பூவோடு இசைந்து இணைந்து தொடர வேண்டும்.

கலையையே பாடமாக எடுத்து மேலே செல்வோருக்கு எழுத்துத் தேர்வும் உண்டு. அலெக்சாண்டர் ஹண்டர் 1850-இல் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்த சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியும், கும்பகோணத்துக் கல்லூரியும் நாம் அறிந்தவை. எழுத்து வினாவில் கடைசிச் சொல்தான் திறவுகோல். விழுப்புரம் மாவட்டத்துப் பனைமலையில் பல்லவ மன்னன் ராஜசிம்மன் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயிலில் ஒரு தேவியின் ஓவியம் உள்ளது. அதனை 'விவரி' என்றால் கண்ட காட்சியைச் சொல்ல வேண்டும்: ஒரு காலை மடித்து நிற்கிறாள், தலை சற்றே சாய்ந்துள்ளது, மேலே குடை விரிந்துள்ளது. பல்லவர் வரலாற்றை இரண்டு பக்கம் எழுதினால் மதிப்பெண் வராது. சித்தன்னவாசல் தாமரைக் குளத்து ஓவியத்துடன் 'ஒப்பிடுக' என்றால் இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும். அங்கே ஒரே உருவம் நம் பார்வையை ஈர்க்கிறது. இங்கே மலரும் மீனும் பறவையும் யானையும் மனிதரும் குளம் முழுவதும் நிறைந்துள்ளனர். முதலில் ஒன்றைப் பற்றியும் பிறகு மற்றதைப் பற்றியும் தனித்தனியே எழுதிவிடுவது ஒப்பீடு ஆகாது. 'மதிப்பிடுக' என்றால் உங்கள் தீர்ப்பையும் அதற்கான காரணத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இது ஓவியத்துக்கு மட்டுமா? 'வரையறு' என்ற இடத்தில் 'தருவி'த்துவிட்டு நேரம் போதவில்லை என்று புலம்பியவர்கள் நம் வகுப்பிலும் உண்டு. படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு வினாவைப் படிக்க வீட்டிலேயே சொல்லித் தர ஆள் இருக்கும். நம்மில் பலருக்கு அது இல்லை. பேராசிரியப் பெருமக்கள் விடைகளைக் கற்பிப்பதுபோல, வினாவைப் படிக்கவும் ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒரு வகுப்பு எடுத்தால் என் போன்றோருக்குப் பேருதவியாக இருக்கும்.

மறு ஆண்டு மீண்டும் தேர்வு எழுதினேன். இம்முறை கிணறும் இல்லை, தென்னையும் இல்லை. எதிரே இருந்தவை மட்டுமே தாளில் இருந்தன. தேறிவிட்டேன். வீட்டில் அதேபோல் ஒரு படம் வரைந்து காட்டினேன். அப்பா திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போன வருசம் போட்டதுதான்டா அழகு" என்றார்.

"ஆமாப்பா. ஆனா அவங்க கேட்டது இதைத்தான்" என்றேன்.